தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்துத் தட்டினால் குழந்தை வாந்தி எடுக்கிறாள்

கெடிலக்கரை:
வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். 4 வயதாகும் எங்கள் மகளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும் பிறவி நோய்) இருப்பது, 2 வயதில் செய்த வியர்வைப் பரிசோதனையில் உறுதியானது. அன்று முதல் காலையும் மாலையும் நெபுலைசர் வைத்துவிட்டு, 20 நிமிடம் நெஞ்சிலும் முதுகிலும் தட்டி வருகிறேன். முதலில் பார்த்த மருத்துவமனையில், தலையணைகளை அடுக்கி இடுப்பை உயர்த்தி, தலை தாழ்ந்திருக்கும்படி படுக்கவைத்துத் தட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் பாதி நாள் குடித்த பாலைக் கக்கிவிடுகிறாள். தட்டும் சத்தம் கேட்டதும் என் மாமியார் ஓடி வந்து, "பச்சப் பிள்ளையைப் போட்டு இப்படி அடிக்கிறியே" என்று கண் கலங்குகிறார். இவ்வளவு செய்தும் ஒரு பொட்டுச் சளிகூட வெளியே வருவதில்லை. நான் செய்வது சரிதானா? எத்தனை வயதுவரை தட்ட வேண்டும்?

லாஸ்பேட்டை அப்பா:
சகோதரி, எங்கள் மகனுக்கு இப்போது 11 வயது. சளி வரவில்லையே என்று நானும் வருடக்கணக்கில் தவித்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்குக் காறித் துப்பத் தெரியாது. மேலே வந்ததை விழுங்கிவிடுவார்கள், அது வயிற்றுக்குள் போவதால் கெடுதல் இல்லை. தட்டுவதற்கு முன் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சளி இருந்தால் மூச்சு விடும்போது ஒரு கரகரப்பு கைக்குத் தெரியும். முடித்தபின் அது குறைந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் மாமியாருக்கு, கையைக் குவித்து அவர் தொடையிலேயே தட்டிக் காட்டுங்கள். குவிந்த கையென்றால் 'டொப் டொப்' என்று உள்ளீடற்ற ஓசை வரும், வலிக்காது. விரித்த கையென்றால் 'பளார்' என்று சுரீரென உறைக்கும். என் தாயார் அந்த வேறுபாட்டைத் தம் உடம்பில் உணர்ந்த பிறகுதான் சமாதானமானார். அடுத்த மாதமே மாலைத் தட்டலைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

குழந்தைகள் பிரிவு பிசியோதெரபிஸ்ட், புதுச்சேரி:
அம்மா, தலையைத் தாழ்த்துவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது பழைய முறை. தலை தாழ்ந்தால் இரைப்பையில் உள்ளது மேலே ஏறும். அது மூச்சுக்குழலுக்குள் இறங்கினால், எதைக் காப்பாற்றப் பாடுபடுகிறோமோ அந்த நுரையீரலே கெடும். மெல்போர்னில் கைக்குழந்தைகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தலை தாழ்த்தாமல் செய்யப்பட்ட குழந்தைகளின் நுரையீரலே மேலான நிலையில் இருந்தது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தும், சமதளத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்தும், மெல்லிய துணியின்மேல் தட்டுங்கள். முதுகெலும்பு, நடு மார்பெலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் கை படக் கூடாது. சாப்பிடுவதற்கு முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

வரிசையும் முக்கியம். செல்களில் குளோரைடு உப்பு கடக்கும் வழி பழுதாகியிருப்பதால்தான் இந்நோயில் சளி நீர் வற்றிப் பசைபோல் ஒட்டுகிறது. வெறும் தட்டலால் அது நெகிழாது. ஆகவே மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும், அடர் உப்புநீரும் மருத்துவர் எழுதியிருந்தால் அவை முதலில், தட்டல் அடுத்து, நெபுலைசரில் தரும் ஆன்டிபயாட்டிக் கடைசியில். அந்த மருந்து சளியின்மேல் படிந்து வீணாகாமல் உள்ளே சேர வேண்டுமல்லவா? ஒவ்வொரு முறையும் நெபுலைசர் கிண்ணத்தைக் கழுவிக் கிருமிநீக்கி, முழுவதும் உலரவிடுங்கள். நுரையீரலைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரத்தில்தான் பெருகும். சளியில் இரத்தம் கண்டால் தட்டலை நிறுத்தி உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எத்தனை வயதுவரை என்று கேட்டீர்கள். சளி அகற்றும் பயிற்சி வாழ்நாள் முழுவதும் உண்டு, ஆனால் அத்தனை காலமும் உங்கள் கை தேவைப்படாது. இந்த வயதிலேயே ஊதும் விளையாட்டுகளைத் தொடங்கலாம். வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியும்படி 'ஹா' என்று விடும் மூச்சு, சளியை மேலே தள்ளும். போகப்போக, எதிர்ப்போடு ஊதும் கருவிகளையும் மூச்சுப் பயிற்சிகளையும் உங்கள் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார்.

கெடிலக்கரை:
இரண்டு நாட்களாக மடியில் உட்காரவைத்தே தட்டுகிறேன், வாந்தி இல்லை. எவர்சில்வர் தட்டை முகத்துக்கு நேரே பிடித்து 'ஹா' சொல்லச் சொன்னேன். தட்டில் ஆவி படிந்ததும் அதில் விரலால் கோடு இழுத்துவிட்டு, அடுத்ததற்குத் தானே வாயைத் திறந்தாள். ஐந்தாவது முறை நன்றாக இருமினாள். ஐயா, அடுத்த மாதம் ஜிப்மருக்கு வரும்போது அவளையும் அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாமா? உங்கள் மகன் பயிற்சி செய்வதை அவள் பார்த்தால் பயம் தெளியும்.

லாஸ்பேட்டை அப்பா:
நீங்கள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சி, சகோதரி. ஆனால் குழந்தையை அழைத்து வராதீர்கள். இந்நோயுள்ள இரு பிள்ளைகள் அருகருகே இருந்தால், ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து உண்டு. மருத்துவமனை வரிசையிலும் அவர்களை இரண்டு மீட்டராவது தள்ளியே உட்காரவையுங்கள். மகன் பயிற்சி செய்வதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புகிறேன். அவளுக்காக ஒரு தடவை தட்டில் ஊதிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.