பால் எல்லூவின் பெண் உருவப்படங்கள்: அந்தக் கறுப்பும் அந்த வெறுமையும்

கேள்வி:
வணக்கம். பாரிஸின் நாகரிகச் சீமாட்டிகளை வரைந்த பால் எல்லூவின் (1859–1927) டிரைபாயிண்ட் படங்களை, அதாவது உலோகத் தகட்டில் கூர்முனையால் கீறி அச்செடுத்த படங்களைப் பார்த்து வரைந்து பழகி வருகிறேன். அவருடைய படங்களில் அகன்ற தொப்பியும் கூந்தலும் வெல்வெட்டைப் போலக் கறுத்திருக்க, உடை மட்டும் நாலைந்து கோடுகளில் முடிந்துவிடுகிறது. பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் எனக்கு அந்தக் கறுப்பு வருவதில்லை. உடையைக் குறைத்தாலோ படம் பாதியில் நின்றதுபோல் தெரிகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்தக் கறுப்பைத் தருவது செப்புத் தகடு. எல்லூ அமிலம் எதுவுமின்றி, வைர முனையால் தகட்டில் நேரடியாகக் கீறினார். இம்முறையை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் ஓவியர் ஜேம்ஸ் டிஸ்ஸோ. முனை உழுது செல்கையில் கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறில் தங்கும் மைதான் அச்சில் கோட்டைச் சுற்றி மெத்தென்ற நிழலாகப் படிகிறது. அச்சுப் பொறியின் அழுத்தத்தில் பிசிறு விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் எடுத்த பிரதிகளைத் தேடிப் பாருங்கள். தேய்ந்த பிரதியைக் கொண்டு இவரை எடைபோடுவது அநியாயம்.

மறுமொழி 2:
நண்பர் கறுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உடைக்கு வருகிறேன். தொப்பியின் விளிம்பில் தொடங்கும் வளைவு பிடரி வழியாகத் தோளுக்கு இறங்குவதைக் கவனியுங்கள். உடைக்கு அவர் இடும் கோடுகள் அந்த வளைவின் தொடர்ச்சியாகவே அமைவதால், துணியை நிரப்பாமலே உடல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. 1886இல் அவர் மணந்த ஆலிஸை ஓயாமல் வரைந்த பழக்கமும் இதற்கு உதவியிருக்கும் என்றே கருதுகிறேன். லூவர் அருங்காட்சியகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் வாத்தோவின் கோட்டோவியங்களைக் குனிந்து பார்க்கும் ஆலிஸின் படத்தில், முகத்தைவிட அந்தக் குனிவுதான் அவரை நமக்குக் காட்டுகிறது. வாத்தோவைப் பின்பற்றிக் கறுப்பு, செங்காவி, வெள்ளை ஆகிய மூன்று வண்ணச் சுண்ணக்கோல்களால் எல்லூ வரைந்த படங்களையும் பாருங்கள். தாளின் நிறமே அவற்றில் மேனியாகிறது.

மறுமொழி 3:
பென்சிலில் பழகுபவருக்குப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் இன்னும் நெருங்கிய ஆசான். நெப்போலியன் வீழ்ந்தபின் ரோமுக்கு வந்த ஆங்கிலேயப் பயணிகளை அவர் கூரிய பென்சிலால் வழவழப்பான தாளில் வரைந்தார். 1816இல் வரைந்த திருமதி சார்லஸ் பேடம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் நிழல் மிக நுண்ணியது. உடைக்கு வந்ததும் கை வேகம் கொள்கிறது. முதலில் முகத்தை முழுமையாக முடியுங்கள். பிறகு தோளிலிருந்து மணிக்கட்டு வரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்துப் பழகுங்கள்.