பழைய ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வாங்கப் போகிறீர்களா? எம்ஓடி சொல்வதும் சொல்லாததும்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, கைக்கு அடக்கமான விலையில் ஈக்கோஸ்போர்ட் ஒன்று இருக்கிறது, எம்ஓடி பாஸ், வாங்கலாமா?" எம்ஓடி என்றால் இங்கே கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒரே இழையாக எழுதிவிடுகிறேன்.

முதலில், இந்தக் கார்மேல் நம்மவர்களுக்கு ஏன் ஆசை வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஊர் சிங்கப்பெருமாள் கோவில். 2014-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஈக்கோஸ்போர்ட்டுகள் பக்கத்து மறைமலைநகர் ஆலையில் செய்து கப்பலேறி வந்தவை. ஜிஎஸ்டி சாலையில் டிரெய்லரில் வரிசையாகப் போகும்போது பார்த்த அதே வண்டி லீட்ஸ் தெருவில் நிற்பதைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்யும். 2017 கடைசியிலிருந்து ஐரோப்பாவுக்கான கார்களை ருமேனியாவில் கிரயோவா என்ற ஊரில் செய்தார்கள். 2022-இல் சென்னை ஆலையிலிருந்தும் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் கார் எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். எம்.ஏ.ஜே. என்று தொடங்கினால் நம்ம ஊர்.

ஆனால் ஊர்ப் பாசத்தில் கார் வாங்கக் கூடாது. மேலும், "எம்ஓடி பாஸ்" என்ற இரண்டு வார்த்தையை நம்பி வாங்கவே கூடாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எம்ஓடி என்பது 1960 முதல் இங்கே இருக்கும் சாலைத் தகுதிச் சோதனை. கார் பதிவாகி மூன்று வருஷம் ஆனதும் முதல் சோதனை, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. கட்டணம் காருக்கு அதிகபட்சம் 54.85 பவுண்டு. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், விளக்குகள், டயர், சீட் பெல்ட், புகை, கண்ணாடி எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர் வரவில்லை என்றால்கூட ஃபெயில்தான். ஆனால் சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். எஞ்சினுக்குள்ளே என்ன நிலைமை, கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவர் வேலையே இல்லை. பாஸ் என்றால், அந்தச் சோதனை நாளில் அந்தக் கார் சாலையில் ஓட்டும் அளவுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அப்படியானால் எம்ஓடி எதற்கு உதவும்? அதன் பழைய வரலாறுதான் பொக்கிஷம். அரசு இணையதளத்தில் காரின் நம்பர் பிளேட்டை மட்டும் தட்டினால் போதும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2005 முதலும், வட அயர்லாந்தில் 2017 முதலும் நடந்த ஒவ்வொரு சோதனையும், ஓடிய மைலும், ஃபெயில் ஆன காரணமும் இலவசமாக வரும். விற்பவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் முதல் கார் தேடியபோது, 38,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்று ஒருவர் பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார். அவர் வாசலில் நின்று போனில் தட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சோதனையிலேயே 61,000 என்று பதிவாகியிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்று பார்க்காமல் விட்டிருந்தால், வந்த முதல் வருஷச் சேமிப்பு முழுக்கப் போயிருக்கும்.

வரலாற்றைப் படிக்கும்போது பாஸ், ஃபெயிலை விட "அட்வைசரி" என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். இப்போதைக்கு விடுகிறேன், சீக்கிரம் சரி செய் என்று சோதிப்பவர் எழுதி வைக்கும் குறிப்பு அது. 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். அட்வைசரி இந்த மூன்றிலும் சேராது. "நியர்சைட்" என்று வந்தால் நடைபாதைப் பக்கம், அதாவது இடது. "ஆஃப்சைட்" என்றால் ஓட்டுநர் பக்கம். ஒரு வருஷம் "டயர் சட்ட எல்லையை நெருங்குகிறது" என்று எழுதி, அடுத்த வருஷம் அதே டயரால் ஃபெயில் ஆகியிருந்தால், அந்த உரிமையாளர் சொன்னபின்பும் செய்யாதவர். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்வரை ஓட்டியவர் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வராது. ஒவ்வொரு வருஷமும் காலையில் ஐந்து குறையோடு ஃபெயில், மாலையில் பாஸ் என்று இருந்தாலும் அதே கதைதான். எம்ஓடிக்கு எது தேவையோ அதை மட்டும் செய்து ஓட்டிய கார் அது.

நம் ஊரில் இல்லாத ஒரு விஷயம் இங்கே உண்டு. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் அடித்து பிரேக் பைப்பையும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் அரிக்கும். என் காரே ஒரு வருஷம் பிரேக் பைப் துருவால் ஃபெயில் ஆனது. குளிர்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை அன்றிலிருந்து வழக்கமாக வைத்திருக்கிறேன். அட்வைசரியில் துரு பற்றி லேசாக ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். வருஷத்துக்கு வருஷம் அந்த வரி கடுமையாகிக்கொண்டே போனால் விலகிவிடுங்கள்.

இனி எம்ஓடியில் எந்த மூலையிலும் வராத விஷயத்துக்கு வருகிறேன். ஈக்கோஸ்போர்ட் வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்கவே கூடாது.

1.0 ஈக்கோபூஸ்ட் என்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இந்தக் காரில் பரவலாக வரும். ஓட்ட அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. ஆனால் அதன் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ரப்பர் பட்டை, எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலோ, வேறு தரத்து ஆயில் ஊற்றினாலோ ரப்பர் ஊறி உதிரத் தொடங்கும். அந்தத் துகள்கள் கீழே ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும். அப்புறம் எஞ்சினே போய்விடும். பெல்ட் அறுவதற்கு முன்பே இது நடக்கலாம் என்பதுதான் கொடுமை. ஆயில் பம்ப்பை ஓட்டுவதும் அதேபோல் நனைந்த இன்னொரு பெல்ட்தான். பின்னாளில் வந்த சில 1.0 எஞ்சின்களில் டைமிங்குக்குச் செயின் வந்துவிட்டது, ஆனால் ஆயில் பம்ப் பெல்ட் அப்படியே இருக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட்டையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸையும் சேர்த்து 1,39,730 கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஆயில் பம்ப் பெல்ட்டுக்காகவும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்காகவும்தான். அமெரிக்காவுக்குப் போன ஈக்கோஸ்போர்ட்டும் சென்னையில் செய்ததே.

டைமிங் பெல்ட்டுக்கு நிறுவனம் முதலில் சொன்ன கெடு பத்து வருஷம் அல்லது 1,50,000 மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2014, 2015 கார்கள் எல்லாம் அந்தக் கெடுவைத் தொட்டுவிட்டன. மாற்றும் செலவு ஆயிரம் பவுண்டு அளவுக்குப் போகும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பெல்ட் மாற்றினீர்களா, ரசீது எங்கே?" இரண்டாவது கேள்வி "ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருக்கிறதா, அதில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதா?" ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20, டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி948-பி தரம். பில்லில் வெறுமனே "ஆயில்" என்று மட்டும் இருந்தால் அந்த பில்லை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பெல்ட் மாற்றிய ரசீது இல்லை என்றால், அந்த ஆயிரத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். குறைக்க மாட்டேன் என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.

குறைவாக ஓடிய கார் நல்லது என்ற எண்ணத்தையும் இந்த எஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பள்ளிக்கூடம், கடை என்று இரண்டு மைல் போய் வந்த கார் சூடேறவே நேரமிருக்காது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். பெல்ட்டுக்கு அது ஆகாது. இரண்டே முறை ஆயில் மாற்றி 25,000 மைல் ஓடிய காரைவிட, வருஷா வருஷம் மாற்றி 80,000 மைல் ஓடிய காரை நான் தயங்காமல் எடுப்பேன்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் 1.5 பெட்ரோல், கையால் கியர் போடும் வண்டியைத் தேடலாம். அதன் பெல்ட் ஆயிலில் நனையாது. இழுவை குறைவு, மேட்டில் முனகும், ஆனால் மனசு நிம்மதி. அதே 1.5 எஞ்சினில் பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தால் நான் தொடமாட்டேன். அந்த கியர்பாக்ஸ் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அந்த வழக்கில் ஃபோகஸ், ஃபியஸ்டாவோடு ஈக்கோஸ்போர்ட்டும் இருந்தது.

மற்றபடி சின்ன விஷயங்கள். பின்கதவு மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றால் அரிசி மூட்டையை இறக்க முடியாது. 2013-இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம். விற்பவர் கட்டிய சாலை வரி உங்களுக்கு மாறி வராது, ஓட்டிக் கிளம்பும் முன் நீங்களே புதிதாகக் கட்ட வேண்டும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து டீசல் பற்றிக் கேட்ட தம்பிக்கு: 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் பகுதி. டீசல் கார் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் உடனே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே.

பெல்ஃபாஸ்டில் நர்ஸாகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு: வட அயர்லாந்தில் கார் பதிவாகி நான்கு வருஷம் ஆனதும்தான் முதல் எம்ஓடி. அங்கே தனியார் கராஜ் கிடையாது, அரசு மையத்தில்தான் சோதனை. நாள் கிடைக்கத் தாமதமாகலாம், அதனால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளம்மா. இந்திய லைசென்ஸில் வந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதை இங்கத்திய லைசென்ஸாக மாற்றித் தர மாட்டார்கள். கார் தேடுவதற்கு முன்பே தற்காலிக (புரொவிஷனல்) லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடு. நீ பார்த்து வைத்திருக்கும் காரின் எம்ஓடி வரலாற்றை இங்கே ஒட்டினால் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்துவிடு.