ஸ்கீ ட்ரிப்புக்கு அந்தப் பெரிய பார்க்கா வேண்டாம்

பள்ளிக்கூடத்தால மகளை ஸ்கீக்கு, அதுதான் பனிமலையில சறுக்கிற விளையாட்டுக்கு, கூட்டிக்கொண்டு போகினமாம், நீங்களும் கூடப் போறீங்களாம், என்ன உடுப்பு வாங்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள். நான் செய்த பிழையில இருந்தே தொடங்கிறன்.

முதன்முதல் நான் போனது ரொறன்ரோவுக்கு வடக்கால, கொலிங்வுட்டுக்குப் பக்கத்தில இருக்கிற புளூ மவுண்டன் ஸ்கீ மலைக்கு. ஜீன்ஸ், உள்ளுக்குப் பருத்தி பெனியன், மேல சுவெற்றர், அதுக்கும் மேல ஸ்காபரோ பஸ் ஸ்டொப்பில மைனஸ் 25இல நிக்கிறதுக்கெண்டு வாங்கின பார்க்கா எண்ட தடிச்ச குளிர்க் கோட். குளிர் என்னை ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். பழகிறவனுக்கு ஸ்கீ எண்டது விழுந்து எழும்பிற வேலை, துலா மிதிச்சுத் தண்ணி இறைக்கிற மாதிரி. அரை மணித்தியாலத்தில பெனியன் பிழியலாம் போல நனைஞ்சிட்டுது. பிறகு மலைக்கு மேல கொண்டுபோற கதிரை லிப்ற்றில ஏறி ஆடாமல் அசையாமல் இருக்க, காத்தும் அடிக்க, அந்த ஈரம் முதுகில ஐஸ் வைச்ச மாதிரி. ஜீன்ஸ் முழங்காலுக்குக் கீழ விறைச்சு மட்டையாய்ப் போச்சு.

அதாலதான் சொல்லிறன், ஸ்கீயில முதல் எதிரி வேர்வை. பருத்தி ஈரத்தைக் குடிச்சு வைச்சிருக்கும், லேசில காயாது. உள்ளுக்கு உடம்போட ஒட்டின மாதிரி பொலியெஸ்ரர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டையும் நீளக் களிசானும் போடுங்கோ. அதுக்கு மேல மெல்லிய ஃப்ளீஸ், அதுதான் பஞ்சு மாதிரி மெதுவான செயற்கைத் துணிச் சட்டை. வெளியால தண்ணி புகாத ஜக்கெற். லேபிளில 10,000 மிமீ எண்டு இருந்தால் எங்களுக்குக் காணும். துணி எவ்வளவு உயரத் தண்ணியின்ர அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் எண்ட கணக்கு அது. கக்கத்துக்குக் கீழ சிப் இருந்தால் இன்னும் நல்லது, வேர்க்கேக்க திறந்து விடலாம்.

மேஸ் (சொக்ஸ்) விஷயத்தில எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு. குளிருமெண்டு இரண்டு சோடி போடுவினம். ஸ்கீ சப்பாத்து காலை இறுக்கிப் பிடிக்கிறது. அதுக்குள்ள இரண்டு சோடி மேஸ் திணிச்சால் ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் விறைக்கும், மடிப்பு விழுந்த இடத்தில கொப்புளமும் வரும். முழங்கால் வரை வாற மெல்லிய ஸ்கீ மேஸ் ஒரு சோடி போதும். உள்களிசானின்ர நுனியும் சப்பாத்துக்குள்ள போகக்கூடாது, மேல இழுத்து விடுங்கோ.

அம்மா பின்னின கம்பளிக் கையுறை வேண்டாம், ஸ்னோ அதில உருண்டை உருண்டையாய் ஒட்டும். பிள்ளைக்கு விரல் பிரிக்காத, தண்ணி புகாத மிற்றன்ஸ் வாங்குங்கோ. விரல்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டி இருந்தால் சூடு நிக்கும். தொங்கிற சால்வை லிப்ற்றில கொழுவுப்படும், அதுக்குப் பதிலாய்க் கழுத்தில மாட்டிற துணிக் குழாய் இருக்கு. ஹெல்மெற்றுக்குள்ள குரங்குத் தொப்பி போட்டால் ஹெல்மெற் பொருந்தாது. கண்ணை மூடிப் போடுற ஸ்கீக் கண்ணாடிதான் கொகிள்ஸ்; மூக்குக்கண்ணாடி போடுறவை அதுக்கு மேலால போடக்கூடிய கொகிள்ஸ் எண்டு கேட்டு வாங்கவேணும். காப்பு, தொங்கட்டான் எல்லாம் வீட்டில. தாலிக்கொடியைக் கழட்டச் சொல்லி நான் அடி வாங்கேலாது, உள்சட்டைக்குள்ள விட்டால் சரி.

கறுத்த தோல்தானே எண்டு சன்ஸ்கிரீனை விட்டிடாதேங்கோ. புதுப் பனி புறஊதாக் கதிரில 80 வீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும். ஒரு மார்ச் மாசம் நான் கொகிள்ஸ் அடையாளத்தோட ஒரு கிழமை வேலைக்குப் போனனான்.

காசு? ஸ்கீ, சப்பாத்து, தடி, ஹெல்மெற் வாடகைக்கு எடுக்கலாம். பள்ளிக்கூட இடைவேளையில வெளியில விளையாடப் போடுற ஸ்னோ களிசானும் ஜக்கெற்றும் மகளிட்ட ஏற்கனவே இருக்கும், நனையாதெண்டால் அதையே போடட்டும். அவளுக்கு வாங்கவேண்டியது உள்சட்டை, உள்களிசான், மேஸ், மிற்றன்ஸ், கொகிள்ஸ் மட்டும்தான். உங்கட ஜக்கெற்றை ஆரிட்டையும் இரவல் கேளுங்கோ, இல்லாட்டி பழைய உடுப்பு விக்கிற வலியு விலேஜ் கடையில தேடுங்கோ. உள்சட்டையில மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. ட்ரிப்புக்கு முதல் நோர்த் யோர்க்கில நகரசபை நடத்திற ஏர்ல் பேல்ஸ் குன்றில ஒருக்கால் எல்லாத்தையும் போட்டுச் சறுக்கிப் பாருங்கோ, எங்க ஈரம் புகுது எண்டு அங்கயே தெரிஞ்சிடும்.

ஓ, மறந்திட்டன். தோய்க்கேக்க ஃபப்ரிக் சொப்ற்னர் விடவேண்டாம், துணி வேர்வையை வெளியில விடுற குணம் கெட்டுப்போகும். காருக்குள்ள ஆளுக்கொரு காய்ஞ்ச மேசும் பெனியனும் வையுங்கோ. திரும்பி வாறதுக்குப் பருத்தியே போடலாம்.