ஜீப் ஃபைபர் டாப் முன் பீஸ் உக்கார மாட்டேங்குது, டிரைவர் சைடு மூலைல விரல் போற கேப்பு

மண்டபம்540:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா ஓட்டுன பழைய மஹிந்திரா எம்எம் 540, இப்ப என் கைல இருக்கு. மேல ரெண்டு பீஸா கழட்டி மாட்டுற ஃபைபர் டாப், முன் சீட்டுக்கு மேல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, பட்டறைல செஞ்சு போட்டது. பங்குனில முன் பீஸ கழட்டி வச்சிட்டு அரிச்சல்முனை பக்கம் சுத்திக்கிட்டு இருந்தோம், இப்ப ஐப்பசி மழை வரப்போகுதேன்னு மாட்டுனா டிரைவர் சைடு கண்ணாடி ஃப்ரேம் மூலைல சுண்டுவிரல் போகுது, எதிர் சைடுல பெயிண்ட உரசிட்டு இறுக்கமா உக்காந்திருக்கு. பாம்பன் பாலத்துல ஏறுனதும் விசில் அடிக்குது, பீஸே தடதடன்னு ஆடுது. பீடிங் (ஓரத்துல வர்ற ரப்பர் பட்டை) ரெண்டு தடவ மாத்தியாச்சு. போல்ட்ட இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிப் பாத்தேன், கேப்பு அப்படியே இருக்கு, ஆனா போல்ட்ட சுத்தி சிலந்தி வலை மாதிரி கீறல் விட்டுருச்சு. என்ன பண்ணலாம்?

தொண்டி_டீசல்:
நண்பா கேப்பு அடைக்குற சிலிக்கான் பசை ஒரு ட்யூப் வாங்கி ஃபுல்லா அடிச்சு விடுங்க, மழை முடிஞ்சு பாத்துக்கலாம்.

வல்லம்_ஃபைபர்:
சிலிக்கான் அடிச்சா அடுத்த பங்குனில எப்படி கழட்டுறது? தம்பி, மொதல்ல இறுக்குறத நிறுத்து. நான் இருவது வருசமா படகுக்கு ஃபைபர் வேலை பாக்குறேன், ஃபைபர இறுக்கி வளைக்க முடியாது, அது வெடிக்கும். பீஸ கழட்டி நல்ல சமதளமான சிமெண்ட் தரைல கவுத்துப் போட்டு நாலு மூலையையும் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாரு. ஆடுனா பீஸ் முறுக்கிருக்கு. ஆடலன்னா பீஸ் மேல தப்பில்ல, வண்டிதான் கோணிருக்கு. வெயில்ல சாத்தி வச்சிருந்தியா?

மண்டபம்540:
அண்ணே, வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடில படுக்கப் போட்டுதான் வச்சிருந்தோம். இப்ப ரேஷன் கடை திண்ணைல போட்டுப் பாத்தேன், ஒரு ரூவா காசு கூட அடில நுழையல. அப்ப வண்டிதானா? ஆக்சிடெண்ட் எதுவும் ஆகலியே.

கீழக்கரை_காக்கா:
ஷார்ஜால பழைய அமெரிக்கன் கார் பாக்குற கேரேஜ்ல இருக்கேன், எங்களுக்கு இது தினப்படி வேலை. ஆக்சிடெண்ட் ஆகணும்னு இல்ல தம்பி. கழட்டுற கூரைன்னாலே பீஸ் அசையாது, பாடிதான் அசையும். 1968ல வந்த கார்வெட்டுன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு மொதல்ல கூரைய நடுவுல கம்பியே இல்லாம ஒரே பீஸாதான் செய்ய நெனச்சாங்க, பாடி முறுக்கம் தாங்காதுன்னு நடுவுல கம்பி வச்சு ரெண்டு பீஸாக்குனாங்க. ஒன் ஜீப்ல ரொம்ப சிம்பிளா பாக்கலாம். டயர் நாலுலயும் காத்து சமமா இருக்கணும், சமதரைல நிறுத்து. தங்கூசி (தூண்டில் நரம்பு) ரெண்டு எடுத்து, கண்ணாடி ஃப்ரேம் மேல் மூலைல இருந்து பின்னாடி ஹூப் (கூரையத் தாங்குற வளைவுக் கம்பி) மூலைக்கு குறுக்கும் மறுக்குமா, எக்ஸ் மாதிரி விறைப்பா கட்டு. டிரைவர் சைடு முன் மூலைல இருந்து போறது அடில இருக்கட்டும். ரெண்டும் நடுவுல லேசா தொட்டா தளம் சரி. இடைவெளி தெரிஞ்சா அதோட ரெண்டு மடங்கு மூலை இறங்கிருக்குன்னு அர்த்தம்.

மண்டபம்540:
காக்கா கட்டிப் பாத்தேன், நடுவுல நாலு மில்லி. அப்ப எட்டு மில்லி இறங்கிருக்கா!!

கீழக்கரை_காக்கா:
ஆமா. கண்ணாடி ஃப்ரேம் மடக்குற கீல் போல்ட் லூசா இருக்கான்னு மொதல்ல பாரு, அது சரியா இருந்தா பாடிக்கும் சேசிக்கும் நடுவுல இருக்குற ரப்பர், டிரைவர் சைடு முன்னாடி. உப்புக்காத்துல போல்ட் துருப்பிடிச்சு ரப்பரும் அமுங்கிப் போயிருக்கும்.

மண்டபம்540:
கீல் சரியா இருந்துச்சு. காலைல ஜீப்புக்கு அடில படுத்துப் பாத்தேன். அந்த ரப்பர் நசுங்குன இட்லி மாதிரி இருக்கு, சுத்தி துரு பாளம் பாளமா உதிருது, பாளத்த எடுத்தா கைல மாவாகுது. மத்த சைடு ரப்பர் ஒரு இஞ்ச் இருக்கு. கன்வேயர் பெல்ட் துண்டு வெட்டி வைக்கலாமா?

கீழக்கரை_காக்கா:
தற்காலிகமா வைக்கலாம், ஆனா புது ரப்பர் செட் வாங்கிடு, ஒண்ண மட்டும் மாத்துனா மத்தது சீக்கிரம் கோணும். ஒரு போல்ட்ட மட்டும் லூஸ் பண்ணாத, எல்லாத்தையும் லூஸ் பண்ணிட்டு பலகை வச்சு ஜாக்கில பாடிய மெதுவா தூக்கு. துரு சுரண்டி பெயிண்ட் அடிச்சிட்டு மாட்டு. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடணும்னு ஆசைப்படாத, உப்பு ஈரத்துல அது பக்கத்துல இருக்குற இரும்பத்தான் தின்னும். அப்புறம் தங்கூசி மறுபடி. அது தொட்ட பிறகுதான் கூரைய தொடணும்.

மாட்டுறப்ப எல்லா போல்ட்டையும் கையால மட்டும் போட்டுட்டு, கண்ணாடி சைட நடுவுல இருந்து ஓரத்துக்கு, அப்புறம் ஹூப் சைடு. அடில அகலமான வாஷர். பீடிங்ல குழந்தைப் பவுடர் தடவி மாட்டி கழட்டு, பவுடர் ஃப்ரேம்ல ஒட்டாத எடம் எங்கயோ அங்கதான் தண்ணி வரும். அங்க மட்டும் வாஷர் கூட்டிக் குறைச்சுக்கோ. பீடிங்குக்கு வண்டி கிரீஸ் வேண்டாம், ஊறிப் போயிடும், சிலிக்கான் கிரீஸ் போதும்.

தொண்டி_டீசல்:
அந்த சிலிக்கான் வேற, நான் சொன்ன சிலிக்கான் வேற, சரி நான் வாயே திறக்கல.

மண்டபம்540:
ஆறு நாள் ஆச்சு, வேலையா இருந்துட்டேன். ரப்பர் செட் மாத்தியாச்சு, தங்கூசி தொடுது, கேப்பு எல்லா பக்கமும் ரெண்டு மூணு மில்லிக்குள்ள. ஓஸ் பைப்ப கீழ இருந்து மேல கொண்டு போய் தண்ணி அடிச்சோம், தம்பி உள்ள டார்ச்சோட உக்காந்திருந்தான், வைப்பர் பக்கம் மட்டும் ரெண்டு சொட்டு. விசில் போச்சு. வல்லம் அண்ணே, அந்தக் கீறலுக்கு என்ன செய்ய?

வல்லம்_ஃபைபர்:
கீறல தேய்ச்சு எடுத்து உள்பக்கமா ஃபைபர் மேட் (கண்ணாடி இழைத் துணி) ரெண்டு மடிப்பு போடணும். ஈரத்துல ரெசின் சரியா இறுகாது, மழைக்கு முன்னாடி வா. வண்டியோட வராத, பீஸ மட்டும் தூக்கிட்டு வா.