பாரன் தீவுப் படமும் 'ப்ளூம்' என்னும் சொல்லும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். அந்தமானில் ஆளில்லாத பாரன் தீவின் எரிமலை 1991-இல் மீண்டும் விழித்தது. அதன் செயற்கைக்கோள் படங்களுக்குப் பள்ளி மாணவர்க்கான குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமுள்ள தீவு, அதன் நடுவே அகச்சிவப்பில் ஒரு செம்புள்ளி, அங்கிருந்து காற்றோடு கடல்மேல் நீளும் சாம்பல்நிற வால். ஆங்கிலத்தில் 'ப்ளூம்' (plume) எனப்படும் அந்த வாலுக்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும். 'புகைமண்டலம்' என்று எழுதியதைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டார்.

இயற்பியல் ஆசிரியர்:
அடித்தது சரியே. எதுவும் எரியாதபோது புகை எங்கிருந்து வரும்? வெளிவருபவை நீராவியும் கந்தக டையாக்சைடும் பொடிந்த பாறையுமே. 'முகில்' என்பதும் பொருந்தாது. ஏனெனில் சாம்பல் 11 மைக்ரோமீட்டர் அலையை 12 மைக்ரோமீட்டர் அலையைவிட மிகுதியாக உறிஞ்ச, முகிலின் நீர்த்துளியும் பனித்துகளும் நேர்மாறாகச் செய்வதை வைத்தே செயற்கைக்கோள் இரண்டையும் பிரித்தறிகிறது. கருவி பிரித்ததை நம் சொல் மறுபடி சேர்த்துவிடலாகாது. 'உமிழ்தாரை' எனலாம்.

தமிழாசிரியர்:
'மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்' என்று கபிலர் பாடியபோது (புறம் 117) வானத்து மீனில் விறகா எரிந்தது? புகைக்கு நெருப்பு கட்டாயம் என்றால், மலை எரிவதில்லை ஆதலால் 'எரிமலை'யையும் கைவிட வேண்டியிருக்கும். தாரையோ வடசொல். எறும்புச் சாரியைச் 'சில்லொழுக்கு' என்கிறது புறம் 173. காற்றில் நீள்வதற்கு 'உமிழொழுக்கு' என்பதே தகும்.

இயற்பியல் ஆசிரியர்:
ஐயா, ஒழுக்கு என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் மழைக்காலக் கூரையைத்தான் நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் ஹங்கா எரிமலையிலிருந்து 57 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்ததையும் இதே ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறார்கள். நிமிர்ந்து நிற்பதைத் தாரை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு 'உமிழ்தூண்' என்றும், சாய்ந்து நீள்வதற்கு 'உமிழ்தாரை' என்றும் இரண்டாகப் பிரித்து அனுப்புகிறேன். மறுமொழி தந்த அறுவரில் நால்வர் தாரைக்கு இசைந்துள்ளனர். மற்றொருவர் 'ப்ளூம்' என்றே விட்டுவிடச் சொல்கிறார்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள், நாள் இல்லை. ஆனால் அடுத்த பதிப்பின்போது ஒழுக்கை மீண்டும் எடுப்பேன்.