பட்டு விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவை மூடிவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பாலக்கோட்டு விவசாயி (திரியைத் தொடங்கியவர்)

போன மாதம் எங்கள் குழுவை மூடினேன். அதிலிருந்து தர்மபுரி நாலு ரோடு பட்டுக்கூடு அங்காடிக்குப் போனாலும் சரி, ஷெட்டுக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனாலும் சரி, "ஏண்ணா மூடிட்டீங்க?" என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

2018இல் ஆரம்பித்தோம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர். ஒருவர் ஷெட்டை இன்னொருவர் பார்த்திருப்போம், ஒருவர் வீட்டில் இன்னொருவர் காபி குடித்திருப்போம். விடியற்காலையில் ஒருத்தர் போட்டோ போடுவார். புழு படுக்கையின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்திருக்கும், கணுக்கணுவாக வீங்கியிருக்கும், தோல் பளபளவென்று இருக்கும். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும்: "பால் புழு. உடையறதுக்குள்ள பொறுக்கி பிளீச்சிங் தண்ணியில போடு. குப்பையை ரோட்டோரம் கொட்டாதே. அதே கூடையில இலை கொண்டுவராதே." உடைந்த புழுவிலிருந்து வழிகிற அந்தப் பாலில்தான் வைரஸ் இருக்கிறது. ஒரு ஷெட்டில் வந்தால் கைகால் வழியாக, கூடை வழியாக அடுத்த ஷெட்டுக்குப் போகும். அதனால் அந்த ஒரு போட்டோவைப் பார்த்து அன்றைக்கே பத்து பேர் உஷாராகிவிடுவார்கள். குழுவின் உபயோகமே அவ்வளவுதான். மற்றதெல்லாம் காலை வணக்கம்.

அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும். 2022இல் அதை 1024 ஆக்கினார்கள். எங்களுக்கு அங்கேதான் சனி பிடித்தது. இடம் இருக்கிறதே என்று கேட்டவர்களையெல்லாம் சேர்த்தேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அரூர், பென்னாகரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தார்கள். சாக்கி (இளம்புழு) வளர்த்து விற்கிற சென்டர்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள், கூடு வாங்கி நூல் எடுக்கிற நூற்பாளர்கள்கூட உள்ளே வந்தார்கள். புழு விற்கிறவர், வாங்குகிறவர், மருந்து விற்கிறவர், கூட்டுக்கு விலை வைக்கிறவர் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நான் யோசிக்கவில்லை. ஆள் சேர்ந்ததில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு பேட்ச் புழு தின்கிற மொத்த இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில், அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்னும். பெரும்பாலும் நோய் வெளியே தெரிவதும் அப்போதுதான். இலை போயிருக்கும், கூலி போயிருக்கும், ராத்தூக்கம் போயிருக்கும், அப்புறம் புழு சாகும். அந்த நேரத்தில் கையில் போனும் இருந்தால் மனுஷன் என்ன எழுதுவான் என்று நினைக்கிறீர்கள்?

சண்டை தொடங்கியது ஒரு "கூடு கட்டாத" பேட்சில். ஒரு தம்பிக்கு 200 முட்டைப் புழு (ஒரு தாய் அந்துப்பூச்சி இடுகிற மொத்த முட்டையும் எங்கள் கணக்கில் ஒரு முட்டை). பழுக்க வேண்டிய நாள் தாண்டியும் தின்றுகொண்டே இருந்தது, கூடு கட்ட வைக்கிற நெட்ரிகா தட்டில் ஏறவே இல்லை. சாக்கிதான் சரியில்லை என்று சென்டர் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். சென்டர்காரர், அதே நாள் அதே புழுவை வாங்கி நன்றாகக் கூடு எடுத்தவர்கள் பட்டியலைப் போட்டு, "உனக்கு வளர்க்கத் தெரியலன்னா என்னை ஏன் இழுக்கறே" என்றார். அந்தத் தம்பியின் மல்பெரிக்கு ஒட்டினாற்போல் தக்காளித் தோட்டம். புழுவின் இளம்பருவ ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற பூச்சிமருந்து இருக்கிறது, அது கொஞ்சம் இலையில் பட்டாலே போதும், புழு கூடு கட்டாமல் தின்றுகொண்டே இருக்கும். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் நாற்பது வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. மூன்றாம் நாள் சாதியைத் தொட்டும் தொடாமலும் பேச்சு. யாரோ ஒருவர் சென்டர்காரர் புதிதாகக் கட்டிய வீட்டை போட்டோ எடுத்துப் போட்டு, "எங்க காசு" என்று எழுதினார்.

அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி வைத்தேன். சண்டை என் போனுக்கு வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு இந்தப் பக்கம், பதினொன்றரைக்கு அந்தப் பக்கம். விதிமுறை எழுதிப் போட்டேன், யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. நான்கு பேரை நீக்கினால் எட்டு பேர் "நீ அவன் ஆள்தானே" என்றார்கள்.

இதற்கெல்லாம் நான் மூடவில்லை. ஒருநாள் அங்காடியில் பழைய நாற்பது பேரில் ஒருவரைப் பார்த்தேன். கூடு இல்லாமல் வெறுங்கையோடு நின்றார். பேட்ச் முழுக்கப் பால் புழுவில் போய்விட்டதாம், பதினைந்து நாள் ஆகிறதாம். "குழுவில் ஏன் சொல்லவில்லை?" என்றேன். "போட்டா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கண்ணா" என்றார். அவருக்கு வேலைக்குப் போகும் அதே ஆட்கள்தான் பக்கத்து இரண்டு ஷெட்டுக்கும் போகிறவர்கள். அந்த இரண்டு பேரும் அந்த வாரம்தான் சாக்கி இறக்கியிருந்தார்கள். இரண்டும் போயிற்று. மூன்று பேருமே குழுவில் இருந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

பென்னாகரம், இரண்டு ஏக்கர் வி-1 மல்பெரி

அந்தப் பயம் எனக்கும் இருந்ததுண்ணா. போன வெயிலில் எனக்குப் பால் புழு வந்தபோது போட்டோ எடுத்தேன், அனுப்பவில்லை. ஒரு வாரம் முன்னால்தான் ஒருத்தர் அப்படிப் போட்டு, "ஷெட்டைக் கழுவாம புழு வளர்த்தா பால்தான் வரும், நெய்யா வரும்" என்று ஒருவர் பதில் எழுத, அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்தேன்.

ராயக்கோட்டை, சாக்கி சென்டர்

என் பங்குக்கு ஒன்று. மேலே சொன்ன சென்டர் நான் இல்லை, ஆனால் எனக்கும் நடந்தது. இரண்டாம் தோலுரிப்பு முடிந்ததும் புழுவைக் கொடுத்துவிடுகிறோம். அதற்கு மேல் பதினைந்து இருபது நாள் அது விவசாயியின் ஷெட்டில்தான் இருக்கிறது. ஆனால் எது நடந்தாலும் எங்கள் பெயர்தான் வரும். சரி, எங்கள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. ஒரு தடவை என் சாக்கியிலேயே கோளாறு என்று எனக்கே தெரிந்தது. தனியாகக் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். குழுவில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் கர்நாடகத்து ராமநகரம் கூடு அங்காடி வரைக்கும் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர், கிருஷ்ணகிரி

நான் அந்தக் குழுவில் மூன்று வருடம் இருந்தேன். கரும்புள்ளி நோய் பற்றி எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எதுவாக இருந்தாலும் "முட்டையிலயே நோய்" என்பார்கள். தாயிடமிருந்து முட்டை வழியாக இறங்கக்கூடியது கரும்புள்ளி. அதனால்தான் முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். 1860களில் பிரான்சில் பட்டுத்தொழிலே படுத்துவிட்டபோது லூயி பாஸ்டர் கொண்டுவந்த முறை அது. பால் புழுவுக்கு முதலில் ஷெட்டைத்தான் பார்க்க வேண்டும். இதை எழுதினால் "நீங்க சாக்கிக்காரன் காசு வாங்கிட்டீங்க" என்று ஒரு பையன். என் பேரன் வயது இருக்கும். அன்றோடு எழுதுவதை விட்டேன். அண்ணன் குழுவை மூடியது சரி என்றுதான் சொல்வேன், கொஞ்சம் முன்னாடியே மூடியிருக்கலாம்.

அரூர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆயிரம் பேர் இருந்த குழுவில் அடித்துக்கொண்டவர்கள் முப்பது பேர் இருப்பார்களா? வேறு நாலு பேரிடம் அட்மினைக் கொடுத்திருக்கலாம். போலீஸ் கேஸ் வருமென்று பயந்துவிட்டீர்களோ?

பாலக்கோட்டு விவசாயி

கேஸ் பயம் இல்லை தம்பி. உறுப்பினர் போடுகிற பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றமே 2022இல் சொல்லியிருக்கிறது. அட்மினாக வரச்சொல்லி ஆறு பேரைக் கேட்டேன். ஐந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஆறாவது ஆள் மருந்துக் கடைக்காரர், அவர் உடனே சரி என்றார். அதனால்தான் கொடுக்கவில்லை.

காரிமங்கலம், பெண் விவசாயி

எங்கள் வீட்டில் புழு பார்ப்பது நான். இலை வெட்டுவது, படுக்கை மாற்றுவது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் நான்தான். குழுவில் இருந்தது வீட்டுக்காரர் நம்பர். ஒரு தடவை, புழு மேல் முட்டையிட்டுக் கெடுக்கிற ஊஜி ஈக்கு வலை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று நான் வாய்ஸில் கேட்டேன். "அக்கா, போனை மாமாகிட்ட குடுங்க" என்று பதில் வந்தது. அதுவும் மரியாதையாகத்தான், திட்டி இல்லை. அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. குழு மூடியதில் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஆறு ஷெட், ஆறு பொம்பளைங்க. தண்ணிக் குழாயடியில் பேசிக்கொள்கிறோம்.

தேன்கனிக்கோட்டை

நானும் திட்டினவன்தான். வீட்டு போட்டோ போட்டது நான் இல்லை, ஆனால் கீழே எழுதினேன். எனக்கு அப்போது இரண்டு பேட்ச் தொடர்ந்து போயிருந்தது. காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பாப்பாரப்பட்டி, புதியவர்

எல்லாவற்றையும் படித்தேன். நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும். நாலாம் தோலுரிப்பு முடிந்து மூன்றாம் நாள். காலையில் இருந்து நாலைந்து புழு படுக்கை ஓரம் சுற்றுகிறது. கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. 150 முட்டை. இது அதுதானா?

பாலக்கோட்டு விவசாயி

ஒரு புழுவின் காலை மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாகப் பால் மாதிரி வடிந்தால் அதுதான். எல்லாவற்றையும் பொறுக்கிப் பிளீச்சிங் தண்ணியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, மற்றதன் மேல் விஜேதா கிருமிநாசினிப் பொடி தூவுங்கள். ஷெட்டில் வெக்கை ஏறாமல் பாருங்கள். பக்கத்து ஷெட்காரரிடம் சொல்லிவிட்டீர்களா?

பாப்பாரப்பட்டி, புதியவர்

பால்தான் வருதுண்ணா. இன்னும் சொல்லலை. அவரோடு போன வருஷம் வரப்புத் தகராறு. இதோ போகிறேன்.