ஆசியான் டோசியர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பீன்யா ஆர்ஏ:
ஏசிடிடி, அதாவது ஆசியான் நாடுகள்ல மருந்தைப் பதிவு பண்றதுக்கான பொது டோசியர் (ஆவணத் தொகுப்பு) வடிவம், தெரிஞ்சவங்களுக்குத்தான் இது, நீளமா விளக்கலை. நாலு பார்ட், 30 டிகிரி – 75 சதவீத ஈரப்பதத்துல ஸ்டெபிலிட்டி (மருந்து கெடாம இருக்கான்னு பார்க்கிற சோதனை), எல்லா நாட்டுக்கும் ஒரே டோசியர். ஒரு நாடு மறுபேச்சில்லாம எடுத்துக்கிச்சு. பக்கத்து நாட்டு ஏஜென்ட் வீடியோ கால்ல நாங்க அனுப்பின சிபிபியை (மருந்துக்கு நம்ம அரசு குடுக்கிற சான்றிதழ்) தூக்கிக் காட்டி, நோட்டரி சீல் மேல விரலை வெச்சு "இது செல்லாதாம், தூதரக சீல் வேணுமாம்"னார். உள்ள இருக்கிற மருந்தைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஒயிட்ஃபீல்டு ராத்திரிக்காரன்:
சீலுக்கு இவ்வளவு கோபமா சார்? போலி சர்டிபிகேட் சுத்தற ஊர்ல அவங்க கேக்கத்தான் செய்வாங்க. எங்க கதை வேற. பயோஈக்விவலன்ஸ் ஸ்டடியை (எங்க மருந்தும் ஒரிஜினலும் உடம்புல ஒரே மாதிரி சேருதான்னு ஆளுங்ககிட்ட ரத்தம் எடுத்துப் பார்க்கிற ஆய்வு) ஒரு நாடு ஏத்துக்கிச்சு. அடுத்த நாடு, "எங்க நாட்டுச் சந்தையில விக்கிற ஒரிஜினல் பிராண்டோட ஒப்பிட்டுக் கொண்டா"ங்கறான். ஆசியான் வழிகாட்டி ஒண்ணுதான், ஆனா எந்தப் பிராண்டோட ஒப்பிடணும்னு முடிவு பண்றது அந்தந்த நாடு. சீல் காசு குடுத்தா வந்துடும். இதுக்கு மறுபடியும் ஆளுங்களை வரவெச்சு ரத்தம் எடுக்கணும்!

ராஜாஜிநகர் க்ரீம்காரி:
ரெண்டு பேரும் மருந்தையே பிடிச்சுட்டுத் தொங்கறீங்க. காஸ்மெடிக்ஸ் பக்கம் வாங்க. 2003ல ஆசியான் காஸ்மெடிக் டைரக்டிவ் (எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி) கையெழுத்தாச்சு, 2008ல அமல். முன்அனுமதி தொல்லை இல்லை, நோட்டிபிகேஷன், அதாவது இதை விக்கப்போறோம்னு அறிவிப்பு, குடுத்துட்டு விக்கலாம். ஆனா அதையும் நாட்டுக்கு நாடு தனித்தனியாத்தான் போடணும். கடையில எங்க க்ரீமைப் பார்த்த அதிகாரி நேரா டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸுக்குப் போய் பிஐஎஃப் (ஃபார்முலா, பாதுகாப்பு விவரமெல்லாம் இருக்கிற கோப்பு) கேட்டிருக்கார். டிஸ்ட்ரிபியூட்டர் திறந்து காட்டின அலமாரியில காலண்டரும் டீ கப்பும்தான்.

அதனால சொல்றேன். பிஐஎஃப் முழுசா அங்க இருக்கான்னு சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே போட்டோ அனுப்பச் சொல்லுங்க. ஃபார்முலா மாறினா அதே வாரம் புதுப் பக்கம் போகணும். லேபிள்ல எந்த மொழி கட்டாயம்னு ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க. நோட்டிபிகேஷன் யார் பேர்ல இருக்குன்னும் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டரை மாத்தினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

பீன்யா ஆர்ஏ:
மேடம், மாத்திரையை வித்துட்டு அப்புறம் சோதிக்க முடியுமா? ஒரு நாடு பார்த்த ஆலையை இன்னொரு நாடும் நம்பணும், அதுதான் வேணும். ஜிஎம்பி (நல்ல உற்பத்தி முறை) ஆய்வுக்கு 2009ல அப்படி ஒப்பந்தம் போட்டாங்க. ஆசியானுக்குள்ள இருக்கிற ஆலைகளை நினைச்சுப் போட்டது. பெங்களூர்ல இருக்கிற பீன்யா அதுல எங்க வருது?